ஃப்ரிட்ஜ் பேசலைன்னா அதுதான் முதல் அபாய மணி: ஒரு குட்டி லோரா லைப்ரரியும் தடுப்பூசிகளும்

1/ இன்னிக்கு த்ரெட் சுகர், பிரஷர் பத்தி இல்ல. ரேடியோ பத்தி. "டாக்டருக்கு ஏன் இந்த வேலை?"ன்னு கேக்கறவங்க பத்தாவது பதிவு வரைக்கும் பொறுமையா வாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட் தான்.

2/ முதல்ல என் கருத்தை நேரா சொல்லிடறேன். சின்ன கிளினிக்ல தடுப்பூசி ஃப்ரிட்ஜை ராத்திரி கண்காணிக்க ஆர்டுயினோ போர்டும் லோரா மாட்யூலும் ஒரு குட்டி லைப்ரரியும் போதும். ஆனா அந்த லைப்ரரி எதையெல்லாம் செய்யாதுன்னு தெரிஞ்சவங்க தான் அதைத் தொடணும்.

3/ தடுப்பூசியில ஆரம்பிப்போம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ள வைக்கணும். எல்லாருக்கும் சூடு தான் பயம். கரண்ட் போச்சு, ஐஸ் உருகிச்சு, மருந்து வீணாச்சுன்னு நினைப்போம். உண்மையில உறைஞ்சு போறது அதைவிட மோசமான திருட்டு.

4/ ஹெப்பாடிட்டிஸ் பி, பென்டாவேலன்ட், டிடி மாதிரி அலுமினியம் உப்பு சேர்ந்த ஊசிகள் ஒரு தடவை உறைஞ்சா கெட்டுடும். மறுபடி உருகினா சும்மா பாக்கறப்போ பழைய மாதிரியே தெரியும். குழந்தை அழும், கார்டுல தேதி விழும், அம்மா நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. பாதுகாப்பு மட்டும் போதுமான அளவு இருக்காது.

5/ சில குப்பிகள் மேல சின்ன வட்டமும் சதுரமும் பாத்திருப்பீங்க. அதுக்குப் பேரு வேக்சின் வயல் மானிட்டர். சூடு பட்டா சதுரம் கருத்துக்கிட்டே வரும். ஆனா உறைஞ்சதை அது காட்டாது. அதனால ஃப்ரிட்ஜோட வெப்பநிலை வரலாறு தான் நமக்கு சாட்சி.

6/ அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஐஎல்ஆர்னு சொல்ற ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜரேட்டர் இருக்கு. தினம் ரெண்டு வேளை வெப்பநிலை எழுதறாங்க. 2015ல தொடங்கின இவின் திட்டத்துல டெம்பரேச்சர் லாகரும் வந்துச்சு. அந்த அமைப்புக்கு என் மரியாதை எப்பவும் உண்டு. அதுக்கு மாற்றா எதையும் நான் சொல்ல வரலை.

7/ நான் பேசறது தனியார் சின்ன கிளினிக் பத்தி. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ். காலை வெப்பநிலை எழுதுவாங்க, மாலை எழுதுவாங்க. ராத்திரி 9 மணிக்கு பூட்டினா காலை 9 வரைக்கும் அந்த ஃப்ரிட்ஜுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரின்னா திங்கக்கிழமை வரைக்கும்.

8/ "வைஃபை சென்சார் வாங்கி மாட்டுங்க டாக்டர்"னு சொல்லுவீங்க. யோசிச்சுப் பாருங்க. கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் நிக்கும். அதே நொடியில ரூட்டரும் நிக்கும். எப்ப தகவல் வரணுமோ அப்பதான் தகவல் போற வழியும் செத்துடும். ரூட்டருக்கு யுபிஎஸ் போட்ட கிளினிக் எத்தனை, நீங்களே எண்ணிப் பாருங்க.

9/ சிம் கார்டு போட்ட கருவி நல்ல வழி. ஆனா யாராவது ரீசார்ஜ் பண்ணணும். மறந்தா அதுவும் ஊமை. இங்க தான் லோரா வருது. மாச சந்தா இல்ல, ரூட்டர் வேண்டாம். கிளினிக்ல பேட்டரியில ஓடற ஒரு போர்டு, டாக்டர் வீட்டு மொட்டை மாடியில ஒரு போர்டு. அவ்வளவுதான்.

10/ ஆக, ஏன் ஒரு டாக்டர் ரேடியோ பத்திப் பேசணும்ங்கறதுக்கு பதில்: ஊசி போடற கை எங்களோடது. அந்த மருந்து உயிரோட இருக்கான்னு உறுதி பண்ற பொறுப்பும் எங்களோடது தான்.

11/ லோரான்னா என்ன? பிரான்ஸ்ல கிரெனோபிள் நகரத்துல சைக்ளியோன்னு ஒரு சின்ன கம்பெனி உருவாக்கின ரேடியோ முறை. 2012ல அமெரிக்காவோட செம்டெக் அதை வாங்குச்சு. தகவலை ஒரே அலைவரிசையில நிறுத்தாம, கீழிருந்து மேலா சறுக்கிப் போற "சிர்ப்" ஒலி மாதிரி அனுப்பும்.

12/ டாக்டர் பாஷையில சொல்றேன். சத்தம் நிறைஞ்ச வார்டுல ஸ்டெத் வெச்சு ஒரு மெல்லிய முணுமுணுப்பை எப்படிக் கேக்கறோம்? அதோட தாளம் நமக்குத் தெரியும், அதனால சத்தத்துக்குள்ள இருந்து பிரிச்சு எடுக்கறோம். லோராவும் அப்படித்தான். அதிகபட்ச அமைப்புல, சுத்தி இருக்கற இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமான சிக்னலைக்கூட பிரிச்சு எடுக்கும்.

13/ இதுக்கு விலை உண்டு. வேகம். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்னு ஒரு எண் இருக்கு. 7ல வெச்சா 20 பைட் தகவல் போக சுமார் 57 மில்லிவினாடி. 12ல வெச்சா அதே 20 பைட்டுக்கு சுமார் 1.3 வினாடி. தூரம் கூடும், ஆனா பேட்டரியும் காற்றுவெளியும் இருபது மடங்குக்கு மேல செலவாகும். (ரெண்டுமே 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கான கணக்கு.)

14/ "எழுநூறு கிலோமீட்டர் போகுமாமே!"ன்னு ஒரு கூட்டம் வரும். 2017ல 702 கிமீ பதிவானது உண்மை. அது உயரத்துல மிதந்த பலூன்ல இருந்து, நடுவுல எதுவும் மறைக்காம. நம்ம தெருவுல கான்கிரீட் வீடு, தகர ஷெட், தண்ணி டேங்க் எல்லாம் நிக்குது. ஒண்ணு ரெண்டு கிமீ கிடைச்சா சந்தோஷப்படுங்க. நடந்து போய் அளந்து பாத்து தான் முடிவு பண்ணணும்.

15/ இப்ப லைப்ரரிக்கு வருவோம். ஆர்டுயினோவுக்கு லோரா லைப்ரரி பல இருக்கு. சந்தீப் மிஸ்த்ரி எழுதின "லோரா"ங்கற லைப்ரரி தான் பல பேரோட முதல் படி. எஸ்எக்ஸ்1276 குடும்பத்து சிப்புகளுக்கானது. எம்ஐடி உரிமம், யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்.

16/ எனக்கு அதுல பிடிச்சது என்ன தெரியுமா? உண்மையான வேலை ரெண்டே ஃபைல்ல முடிஞ்சுடுது. ஆர்டுயினோ ஊனோவோட சிப்புல ப்ரோக்ராமுக்கு 32 கிலோபைட், ரேம் வெறும் 2 கிலோபைட். அதுல இந்த லைப்ரரியும் சென்சார் கோடும் சேர்ந்து உக்கார இடம் இருக்கு.

17/ அதைவிட முக்கியம், ஒரு சாயங்காலம் உக்காந்து முழுசா படிச்சுடலாம். மருந்துச் சீட்டுல நான் எழுதற மாத்திரையோட பக்க விளைவு எனக்குத் தெரியணும் இல்லையா? அதே மாதிரி, ஃப்ரிட்ஜைக் காவல் காக்கற கோடு என்ன பண்ணுதுன்னு அதை மாட்டறவங்களுக்குத் தெரியணும். படிக்க முடியாத அளவு பெரிய கோடை நம்பறதைவிட, படிச்ச சின்ன கோடை நான் நம்புவேன்.

18/ ஆனா "லேசானது"ன்னா சுமை காணாமப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. சுமை உங்க தோளுக்கு மாறிடுச்சு. இங்கிருந்து கவனமா படிங்க, குறிப்பா இன்ஜினியரிங் படிக்கற தம்பி தங்கச்சிங்க.

19/ முதல் விஷயம்: அனுப்பினது போய்ச் சேந்துச்சான்னு இந்த லைப்ரரிக்குத் தெரியாது. அனுப்பிட்டேன்னு சொல்லும், அவ்வளவுதான். ரசீது கிடையாது, திருப்பி அனுப்பறது கிடையாது. தபால் பெட்டியில போஸ்ட் கார்டு போடற மாதிரி. ரசீது வேணும்னா நீங்களே எழுதணும், இல்லன்னா ரேடியோஹெட் மாதிரி அந்த வசதி உள்ள லைப்ரரிக்குப் போகணும்.

20/ ரெண்டாவது: பிழை சரிபார்க்கற சிஆர்சி, இந்த லைப்ரரியில தானா ஆன் ஆகாது. ஒரே ஒரு வரி எழுதி நீங்க தான் ஆன் பண்ணணும். அதை விட்டா, வழியில சிதைஞ்ச தகவலும் நல்ல தகவல் மாதிரியே உள்ள வரும். மைனஸ் குறி ஒண்ணு தொலைஞ்சா போதும், உறைஞ்ச ஃப்ரிட்ஜ் ஆரோக்கியமா தெரியும்.

21/ மூணாவது: பூட்டு கிடையாது. என்க்ரிப்ஷன் இல்ல. பக்கத்து தெரு பையன் அதே அமைப்புல வெச்சிருந்தா அவன் அனுப்பறதும் உங்களுக்கு வரும், உங்களோடது அவனுக்குப் போகும். அதனால ஒவ்வொரு பொட்டலத்துலயும் கிளினிக் எண்ணும், ஒண்ணு ஒண்ணா ஏறுற வரிசை எண்ணும் வையுங்க. நோயாளி பேரு, போன் நம்பர் எதுவும் இந்தக் காத்துல போகவே கூடாது. வெப்பநிலை மட்டும்.

22/ நாலாவது தான் என் தூக்கத்தைக் கெடுக்கறது. லைப்ரரியோட கூட வர்ற எடுத்துக்காட்டு கோடுகளைப் பாருங்க. ரேடியோ சிப் தொடங்கலைன்னா "ஸ்டார்ட்டிங் லோரா ஃபெயில்டு"ன்னு ஸ்கிரீன்ல அச்சடிச்சுட்டு அங்கேயே முடிவில்லாம சுத்திக்கிட்டு நிக்கும்.

23/ மேஜை மேல வெச்சுப் பழகும்போது அது சரியான நடத்தை. கம்ப்யூட்டர் இணைஞ்சிருக்கு, மெசேஜ் தெரியும், வயரைச் சரி பண்ணுவீங்க. ஃப்ரிட்ஜ் மேல உக்காந்திருக்கும்போது அந்த மெசேஜை யாரு படிப்பா? கரப்பான் பூச்சி தான். போர்டு உயிரோட இருக்கும், லைட் எரியும், பேச்சு மட்டும் நின்னு போயிருக்கும்.

24/ இன்னொண்ணு. பொட்டலத்தை அனுப்பி முடிச்சதும் "போயாச்சு"ன்னு சிப் சொல்ற வரைக்கும் லைப்ரரி காத்திருக்கும். நடுவுல ஒரு வயர் லூஸ் ஆச்சுன்னா அந்தப் பதில் வராமலே போகலாம். அது பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கும். நேர எல்லை கிடையாது.

25/ இது லைப்ரரி எழுதினவரோட குத்தம் இல்ல. அவர் கத்துக்கறவங்களுக்கு எளிமையா ஒரு கருவி இலவசமா குடுத்தாரு. அதை எடுத்து குழந்தைங்க மருந்துக்குக் காவல் வைக்கறது நாம. அப்ப வாட்ச்டாக் டைமரை ஆன் பண்றது நம்ம கடமை. கோடு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள நகரலைன்னா சிப்பைத் தானே ரீசெட் பண்ற ஏற்பாடு அது. ஊனோ சிப்புக்குள்ளயே இருக்கு, காசு கிடையாது.

26/ வாங்கற பக்கத்துலயும் ஒரு பொறி இருக்கு. இந்த லைப்ரரி காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னா அந்தக் கேட்கற வரி திரும்பத் திரும்ப ஓடணும். நடுவுல அஞ்சு வினாடி டிலே போட்டீங்கன்னா அந்த நேரத்துல காது பெரும்பாலும் மூடியிருக்கும். பொட்டலம் வந்து கதவைத் தட்டிட்டுப் போயிடும்.

27/ இவ்வளவும் சேர்த்துப் பாத்தா ஒரே விதி தான் வருது. த்ரெட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கோங்க: கெட்ட செய்திக்கு மணி அடிக்கற கருவியை மாட்டாதீங்க. நல்ல செய்தி நின்னா மணி அடிக்கற கருவியை மாட்டுங்க.

28/ அதாவது, கிளினிக் போர்டு 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை "நான் இருக்கேன், 4.5 டிகிரி"ன்னு சொல்லணும். வீட்டுப் போர்டு எண்ணிக்கிட்டே இருக்கணும். ஒரு பொட்டலம் தவறினா பரவாயில்ல, ரேடியோன்னா அப்படித்தான். தொடர்ந்து மூணு தவறினா, அரை மணி நேர மௌனம். அப்ப பஸ்ஸர் கத்தணும்.

29/ ஐசியூல மானிட்டர் கோடு நேரா போனா நாங்க "ஒருவேளை வயர் கழண்டிருக்கும்"னு நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போறதில்ல. முதல்ல ஆளைப் பாப்போம், அப்புறம் தான் வயரைப் பாப்போம். ஃப்ரிட்ஜுக்கும் அதே மரியாதை குடுங்க.

30/ மறுபக்கமும் இருக்கு. கதவைத் திறக்கும்போதெல்லாம் கத்தற அலாரத்தை மூணாவது நாள் சிஸ்டர் பிளக்கைப் பிடுங்கிடுவாங்க. அவங்களைத் திட்டாதீங்க. ஓயாம அடிக்கற மணி யார் காதுலயும் ஏறாது. மருத்துவத்துல இதுக்கு அலார்ம் ஃபேட்டீக்னே பேரு.

31/ தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கான 30 நாள் லாகர்கள்ல அலாரம் எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க. 8 டிகிரிக்கு மேல தொடர்ந்து 10 மணி நேரம், இல்லன்னா மைனஸ் 0.5க்குக் கீழ 60 நிமிஷம். எவ்வளவு டிகிரிங்கறதோட எவ்வளவு நேரம்ங்கறதும் சேருது. சூட்டுக்கு பத்து மணி நேரம், உறைவுக்கு ஒரே மணி நேரம். எது ஆபத்துன்னு அந்த எண்களே சொல்லுது. உங்க எச்சரிக்கையை இதுக்கு முன்னாடியே வையுங்க, ஆனா கதவு திறந்து மூடற நேரத்தைக் கழிச்சு வையுங்க.

32/ சென்சார் பத்தி ரெண்டு வார்த்தை. எல்லாரும் வாங்கற டிஎஸ்18பி20 சென்சாரோட துல்லியம் கூட்டவோ குறைக்கவோ அரை டிகிரி. அது 2னு காட்டினா 1.5 ஆகவும் இருக்கலாம். அதனால எல்லையில வாழாதீங்க. முனையைச் சின்ன தண்ணி பாட்டில்குள்ள வையுங்க. அப்பதான் காத்தோட சூட்டை விட்டுட்டு மருந்தோட சூட்டைக் காட்டும்.

33/ இதே சென்சார் ஆன் ஆனவுடனே, அளக்கறதுக்கு முன்னாடி படிச்சா 85னு காட்டும். வயர் அறுந்தா வழக்கமா பயன்படுத்தற அதோட லைப்ரரி மைனஸ் 127னு தரும். ரெண்டும் வெப்பநிலை இல்ல, "எனக்கு உடம்பு சரியில்ல"ன்னு சென்சார் சொல்ற பாஷை. இதைத் தனியாப் பிரிச்சு எழுதுங்க. சராசரியில சேத்துடாதீங்க.

34/ சட்டம். எடுத்துக்காட்டு கோடுல 915 மெகாஹெர்ட்ஸ்னு இருக்கும். அது அமெரிக்காவுக்கு. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம இந்த மாதிரி கருவிகளுக்கு 2005ல திறந்துவிட்டது 865 முதல் 867. 2021ல அது 868 வரைக்கும் நீட்டிக்கப்பட்டுச்சு. அந்த ஒரு எண்ணை மாத்தாம காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. மாட்யூல் வாங்கும்போதும் 868 பட்டைக்கானதா கேட்டு வாங்குங்க. 433 மாட்யூல் மலிவா கிடைக்கும், இந்த வேலைக்கு வேண்டாம்.

35/ ஆன்டெனா மாட்டாம பவர் குடுத்து அனுப்பாதீங்க, சிப் கெடலாம். 866 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை நீளம் சுமார் 8.6 செமீ. ஊனோவோட 5 வோல்ட் கால்களை 3.3 வோல்ட் ரேடியோ சிப்புல நேரா இணைக்காதீங்க, நடுவுல லெவல் கன்வெர்ட்டர் வேணும். போர்டை ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்காதீங்க. இரும்புப் பெட்டி ரேடியோவை விழுங்கிடும். சென்சார் வயர் மட்டும் உள்ள போகட்டும்.

36/ "லோராவான் போடுங்க, பூட்டும் முகவரியும் சேர்ந்தே வரும்"னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. சரிதான். அதுல ஏஇஎஸ்-128 என்க்ரிப்ஷன் உண்டு, தேவைப்பட்டா ரசீதும் உண்டு. பத்து கிளினிக், ஒரு மாவட்டம்னா நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனா கேட்வே வேணும், சர்வர் வேணும், பெரும்பாலும் இணையம் வேணும். ஒரு கிளினிக், ஒரு வீடுன்னா அது கொசுவுக்கு பீரங்கி.

37/ புது சிப் வெச்சிருக்கீங்களா, எஸ்எக்ஸ்1262 மாதிரி? இந்தக் குட்டி லைப்ரரி அதுக்கு இல்ல. ரேடியோலிப் பாருங்க. அது பெருசு, பல சிப்புகளைத் தாங்கும், ஒவ்வொரு வேலைக்கும் வெற்றியா தோல்வியான்னு எண் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பாக்காம விட்டா அதுவும் இதுவும் ஒண்ணு தான்.

38/ எல்லை எங்கன்னு தெளிவா சொல்லிடறேன். மருந்து வெச்ச ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க், ஜெனரேட்டர் டீசல், இதெல்லாம் சரி. ஆக்ஸிஜன் மானிட்டர், பெட்சைட் அலாரம், வயசானவங்க விழுந்தா சொல்ற கருவி, இதுக்கெல்லாம் இந்தப் போர்டைத் தொடாதீங்க. நோயாளி உடம்போட சம்பந்தப்பட்டா அது மருத்துவக் கருவி. 2017 மருத்துவக் கருவிகள் விதிகள் அதுக்குத்தான் இருக்கு. ப்ராஜெக்ட் டெமோவுல வேலை செஞ்சதுங்கறது அங்க ஆதாரம் ஆகாது.

39/ ஃப்ரிட்ஜுக்கும் இது ரெண்டாவது கண் தான். முறையான லாகர் முதல் கண். ரெண்டு வேளை கையால எழுதற பதிவேடு அப்படியே தொடரணும். போர்டு வந்துடுச்சுன்னு நோட்டை மூடினீங்கன்னா, இருந்த ஒரு கண்ணையும் பிடுங்கிட்டீங்கன்னு அர்த்தம்.

40/ மணி அடிச்சா என்ன பண்றதுன்னு முன்னாடியே தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. யாரு போறது, சாவி யார்கிட்ட, மாத்து ஃப்ரிட்ஜ் எங்க. சந்தேகப்பட்ட குப்பிகளைத் தூக்கி எறியாதீங்க, பயன்படுத்தவும் செய்யாதீங்க. "பயன்படுத்தக் கூடாது"ன்னு எழுதி 2–8ல தனியா வெச்சு, தடுப்பூசி அதிகாரிகிட்ட கேளுங்க. அலுமினியம் சேர்ந்த ஊசிகளுக்கு ஷேக் டெஸ்ட் உண்டு: அதே பேட்ச்ல ஒரு குப்பியை வேணும்னே உறைய வெச்சு உருக்கி, ரெண்டையும் குலுக்கி, எது சீக்கிரம் படியுதுன்னு ஒப்பிடறது.

41/ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டுக்கு "ஸ்மார்ட்"னு பேரு வைக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற குழந்தைகள் டாக்டர்கிட்ட போய் அந்த ஃப்ரிட்ஜைப் பாருங்க. மாட்டினதுக்கு அப்புறம் வேணும்னே பேட்டரியைக் கழட்டுங்க, ஆன்டெனாவைக் கழட்டுங்க, சென்சார் வயரைப் பிடுங்குங்க. மூணு தடவையும் வீட்டுப் பஸ்ஸர் கத்தணும். கத்தலைன்னா உங்க வேலை இன்னும் முடியலை.

42/ டாக்டர்களுக்கும் ஒண்ணு. "நமக்குப் புரியாது, பையன் பாத்துப்பான்"னு விடாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தம்பி, இது செத்துப்போனா எனக்கு எப்படித் தெரியும்?" பதில் தெளிவா வந்தா மாட்டுங்க. அவர் யோசிக்க ஆரம்பிச்சா, யோசிச்சு முடிச்சுட்டு வரச் சொல்லுங்க.

43/ சின்ன கோடு நல்லது. படிக்கலாம், திருத்தலாம், பழுதானா பத்து பேர்ல ஒருத்தராவது கண்டுபிடிப்பாங்க. ஆனா அந்தக் கோடு விட்டுவெச்ச இடத்தையெல்லாம் மனுஷங்க நிரப்பணும். நிரப்பினவங்க யாருன்னு அந்தக் குழந்தைக்குத் தெரியப் போறதில்ல. அதுக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கும், அவ்வளவுதான். அது போதும்.

44/ கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சு பதில் சொல்றேன். குழந்தைகள் டாக்டர் யாராவது உங்க நட்புல இருந்தா இதை அனுப்பி வையுங்க. ராத்திரி அவங்க ஃப்ரிட்ஜ் யார்கிட்ட பேசுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.